அயலவர்களை நோகடிக்காமல் விசுவாசத்தை எப்படிப் பகிர்வது?

தெருவில் நீங்கள் மட்டும்தான் கிறிஸ்தவக் குடும்பம், யாரையும் நோகடிக்காமல் இயேசுவைப் பற்றி எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மட்டக்களப்பு கல்லடியில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். அக்கம்பக்கம் எல்லாம் இந்துக் குடும்பங்கள், கொஞ்சம் தெற்கே போனால் முஸ்லிம் சனம் வாழ்கிற காத்தான்குடி. அதனால் இது எனக்கும் தினமும் வருகிற கேள்விதான்.

முதலில் தராசு. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று நீதிமொழிகள் 11:1 சொல்கிறது. பருப்பில் ஐம்பது கிராம் குறைத்துப் போட்டுவிட்டு, கடைச் சுவரில் வசனம் ஒட்டி என்ன பிரயோசனம்? கடன் கொப்பியில் எழுதினதை அந்த இடத்திலேயே சத்தமாக வாசித்துக் காட்டுவேன். எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு அம்மம்மா பக்கத்துக் கடைகளை விட்டுவிட்டு அரைக் கட்டை நடந்து இங்கே வருவா.

அடுத்தது, உதவியையும் அழைப்பையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். 2004 சுனாமி நாவலடியையும் கல்லடியையும் அள்ளிக்கொண்டு போன பிறகு, அரிசிப் பொதியோடு மதம் மாறச் சொல்லியும் வந்தார்கள் என்று சனம் இன்றைக்கும் மனவருத்தத்தோடு சொல்லும். பசித்தவருக்குச் சோறு கொடுத்தால் அதோடு விடுங்கள். ஜெபிக்க விருப்பமானால், "உங்களுக்காக ஜெபிக்கட்டா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது.

இந்த மண்ணில் ஊழியம் செய்தவர்களைப் பாருங்கள். 1814 இல் வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் பள்ளிக்கூடம் தொடங்கி, அடுத்த வருடமே இங்கே இறந்துபோனார். மெதடிஸ்த மத்திய கல்லூரி அங்கிருந்து வந்ததுதான். புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கின அமெரிக்கரான ஹெபர்ட் அடிகளார், சண்டை உக்கிரமாக நடந்த நேரத்திலும் ஊரை விட்டுப் போகவில்லை. 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனைப் பக்கமிருந்து திரும்பும் வழியில் காணாமல் போனார்.

எங்களுக்குக் கடினமான சோதனை 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் முஸ்லிம் தீவிரவாதி ஒருவன் குண்டை வெடிக்கவைத்து ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் செத்தார்கள். ஊரே கொதித்துப்போயிருந்தது. எங்கள் தெருவுக்குத் துணி கொண்டுவருகிற காத்தான்குடி நானா பல கிழமை வரவில்லை. மறுகா ஒருநாள் வந்தவர் கேற்றுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார், பெல் அடிக்கவில்லை. "உள்ளுக்கு வாங்க நானா, வெயிலுக்குள்ள நிக்காதீங்க" என்று என் மாமியார்தான் கூப்பிட்டா. வழக்கம்போலப் பிளேன்ரீ கொடுத்து, இரண்டு சாரம் வாங்கினோம். பகைவரை நேசியுங்கள் என்று கர்த்தர் சொன்னார். இந்த மனுசன் பகைவரே இல்லை. வன்மத்தை நாங்களாக உண்டாக்கி அவர் தலையில் வைப்பது எந்த விசுவாசத்தில் சேர்த்தி?

வாயால் சொல்ல வேண்டிய நேரமும் வரும். பக்கத்து வீட்டு மச்சியின் தாய் தவறினபோது, செத்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் நாங்கள்தான் சோறு கறி கொண்டுபோனோம். ஒருநாள் பின் திண்ணையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டு அவ கேட்டா: "உங்கட வேதத்தில செத்த ஆக்களப் பத்தி என்ன சொல்லுது மச்சி?" இயேசுவின் சிநேகிதன் லாசரு செத்துப்போன கதையைச் சொன்னேன், இயேசு கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டது வரைக்கும். துருவுகிற கை நின்றது. "அவரும் அழுதவரா?" என்றா. அழுதவர், பிறகு லாசருவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பினவர், அவரைத்தான் நான் நம்புகிறேன் என்று நேரே சொன்னேன். கேட்ட இடத்தில் மழுப்பக் கூடாது.

அந்தக் கதையைத் தானே வாசிக்க வேண்டும் என்று பிறகு கேட்டா, யோவான் சுவிசேஷம் கொடுத்தேன். இப்படிக் கேட்கிறவர்களுக்காக ஒரு பிரதி மேலதிகமாக வீட்டில் வைத்திருங்கள்.