கம்பி கழற்றிய பிறகும் பல் ஏன் திரும்புகிறது?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. இரண்டு வருடம் பல்லுக்குக் கம்பி போட்டு, போன சித்திரையில் கழற்றினோம். பல் நகராமல் இருக்க இரவில் போடச் சொன்ன கிளிப்பைப் பரீட்சைப் படிப்பில் விட்டுவிட்டாள். ஆறு மாதத்தில் கீழ் முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருக்கிறது. ஞானப்பல் தள்ளுகிறது என்கிறார்கள். செலவழித்ததெல்லாம் வீணா?
– ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: வீணில்லை. சீக்கிரம் கவனித்துவிட்டீர்கள், அதுவே பாதி வேலை.

ஞானப்பல்லை விட்டுவிடுங்கள். அதைப் பிடுங்கினால் முன்பல் நகராது என்பதற்கு ஆதாரம் இல்லை. உண்மையான காரணம் ஈறுக்குள் இருக்கிறது. பல்லை எலும்போடு பிடித்திருப்பவை மெல்லிய நார்கள். கம்பி கழற்றிய மூன்று நான்கு மாதத்தில் எலும்போரத்து நார்கள் புது இடத்துக்குப் பழகிவிடும். ஈறில் இருக்கும், ரப்பர் மாதிரி இழுபட்டுச் சுருங்கும் மீள்நார்களுக்கோ ஒரு வருடம்கூட ஆகும். ஊஞ்சல் கயிற்றை முறுக்கி விட்டால் சுற்றிக்கொண்டே பிரியுமே, திருகிக் கிடந்து நேரான பல்லும் அப்படித்தான் பழைய பக்கம் திரும்பப் பார்க்கும். போதாததற்கு, கம்பியே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருக்கும். அதனால்தான் இரவுக் கிளிப்பை வருடக்கணக்கில் போடச் சொல்கிறோம்.

வேறு காரணங்களும் உண்டு. தண்ணீர் விழுங்கும்போது அவள் நாக்கு முன்பற்களை முட்டுகிறதா, வாயைத் திறந்தபடி தூங்குகிறாளா என்று பாருங்கள். இருந்தால் அதையும் சரிசெய்தாக வேண்டும். ஆண்பிள்ளைகளுக்குத் தாடை 18 வயதுக்கு அப்புறமும் கொஞ்சம் வளரும், அதனால் அவர்களை இன்னும் கொஞ்சகாலம் கவனிக்க வேண்டும். ஹாஸ்டல் சேர்க்கிறோம், வீட்டில் கல்யாணம் என்று கம்பியை முன்கூட்டியே கழற்றச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. கடைசி மாதங்களில்தான் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகக் கவ்வும்.

இப்போது அந்தப் பழைய கிளிப்பைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இறுக்கமாக இருந்தாலும் முழுதாக உட்கார்ந்தால், டாக்டரைப் பார்க்கும்வரை சாப்பாட்டு நேரம் தவிர நாள் முழுக்கப் போடட்டும். உட்காராமல் தூக்கி நின்றால் அழுத்த வேண்டாம். கிளிப்போடு இந்த வாரமே கம்பி போட்ட டாக்டரிடம் போங்கள். இவ்வளவு சின்னத் திருப்பத்தைப் பெரும்பாலும் மறுபடி முழுக் கம்பி போடாமலே நேராக்கலாம்.

கிளிப்பைப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் பட்டால் கோணிவிடும். கழற்றினால் டப்பாவில்தான் வைக்க வேண்டும். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் அதைத் தொலைத்தது பந்தியில்தான்: டிஷ்யூவில் பொதிந்து பக்கத்தில் வைப்பார்கள், எச்சில் இலையோடு போய்விடும்.

அவளுக்குக் கிளிப் ஞாபகம் இருக்காது என்று தோன்றினால், கீழ் முன்பற்களின் உள்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். அதன் இடுக்கில் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒட்டு விட்டிருக்கிறதா என்று காட்டுங்கள். தையில் பனங்கிழங்கு வரும்போது முன்பல்லால் கடித்து இழுக்க விடாமல், தும்பை எடுத்துச் சின்னதாக ஒடித்துக் கொடுங்கள்.