குடும்பத்தோடு ஊர் மாறும்போது வேலையும் கூடவே வருமா? கேள்வி பதில்

மேடம், நாலு மாசத்துல குடும்பத்தோட ஊர் மாறுறோம். இதே வேலையை அங்கிருந்தே ஆன்லைன்ல செய்ய அனுமதி கேக்கணும். முதல்ல ஹெச்.ஆர்.கிட்ட சொல்லலாமா?

மேனேஜரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். ஹெச்.ஆர். வழியாக விஷயம் அவர் காதுக்குப் போனால், உங்களுக்காகப் பேச வேண்டியவரே முறுக்கிக்கொள்வார். நாலு மாதம் இருப்பதால் இப்போதே பேசுங்கள். சட்டப் பிரிவு, சம்பளப் பிரிவு, ஐ.டி. என்று ஒவ்வொரு மேசையாகப் போய்வர வாரக்கணக்கில் ஆகும். கடைசி மாதத்தில் கேட்டால் ‘முடியாது’ என்பதுதான் அவர்களுக்குச் சுலபம். புது வீட்டு அட்வான்ஸ், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் பதில் வந்த பிறகு கட்டுங்கள்.

பையன் படிப்பு, கணவரோட டிரான்ஸ்ஃபர் எல்லாம் விளக்கமா எழுதணுமா?

காரணத்துக்கு ஒரு வரி போதும். ஒப்புதல் தரப்போகிறவர் பெரும்பாலும் மேனேஜருக்கும் மேலே இருப்பவர். உங்கள் முகம்கூட அவருக்குத் தெரியாது. அவர் மேசைக்குப் போகும் ஒரு பக்கக் கோரிக்கைக் கடிதத்தில் வேலையைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

கடந்த இரண்டு வாரக் காலண்டரைத் திறந்து வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள். ஏற்கெனவே ஆன்லைனில் நடப்பவை, முறையைக் கொஞ்சம் மாற்றினால் நடக்கக்கூடியவை, நேரில் இருந்தே ஆக வேண்டியவை. மூன்றாவதை மறைக்காதீர்கள். காகிதத்தில் கையெழுத்தாக வேண்டிய ஃபைல், லேபில் இருக்கும் கருவி, புதிதாகச் சேர்ந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவது, இப்படி ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் செய்வார், அவருக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று எழுதுங்கள். அந்த ஆளிடம் முன்பே பேசிவிடுவது நல்லது. ‘இவங்க வேலையை யார் தலையில் கட்டுவது?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல்தான் பல கோரிக்கைகள் அடிபடுகின்றன.

ட்ரையல் கேட்கலாமா?

கேளுங்கள், மூன்று மாதம். முதல் மாதத்தையாவது இப்போதிருக்கும் வீட்டிலிருந்தே தொடங்குங்கள்; ஏதாவது சறுக்கினால் ஆபீஸ் பக்கத்திலேயே இருக்கிறது. டீம் ஏற்கெனவே கணக்கெடுக்கும் எண்களையே அளவுகோலாக வையுங்கள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எண் இருக்காது.

நாங்க போறது வேற நாடு. 183 நாள் வரைக்கும் அங்க வரி இல்லைங்கறாங்களே?

அரைகுறைத் தகவல். ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி விழாமலிருக்க நாடுகள் போட்டுக்கொள்வது இரட்டை வரி ஒப்பந்தம். அவற்றில் பலவற்றுக்கு அடிப்படை, ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் மாதிரி ஒப்பந்தம். அதன் 15ஆம் பிரிவில் மூன்று நிபந்தனைகள் உண்டு. 12 மாத காலத்தில் 183 நாளுக்கு மேல் அங்கே தங்கியிருக்கக் கூடாது. சம்பளம் தரும் நிறுவனம் வரிக் கணக்கில் அந்த நாட்டில் வசிப்பதாக இருக்கக் கூடாது. நிறுவனத்துக்கு அங்கே நிரந்தர அலுவலகம் இருந்து, அது இந்தச் சம்பளத்தைச் சுமக்கவும் கூடாது. மூன்றும் பொருந்தியாக வேண்டும். அதோடு இந்தச் சலுகை வந்துபோகிறவர்களுக்கானது. குடியேறி, வரிக் கணக்கில் அங்கேயே வசிப்பவராகிவிட்டால் பொருந்தாது.

வேலை செய்யும் அனுமதி, சமூகப் பாதுகாப்புப் பிடித்தம், கம்பெனிக்கே அங்கே வரி விழும் அபாயம், எல்லாம் தனித்தனித் தலைவலி. அங்கே கிளை இருந்தால் அதன் பேரோலுக்கு மாற்றக் கேளுங்கள். இல்லையென்றால், உள்ளூர்ச் சட்டப்படி உங்களை வேலைக்கு வைத்துக் கம்பெனியிடம் கட்டணம் வாங்கும் இடைநிலை நிறுவனங்கள் உண்டு. அந்தக் கட்டணத்தை விசாரித்து உங்கள் கோரிக்கைக் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள். இணையத்தில் இருக்கும் இடத்தை மாற்றிக் காட்டும் வி.பி.என். போட்டு, எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதை ஒளித்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். லாகின் பதிவில் மாட்டக்கூடும்.

நேர வித்தியாசம் இருந்தால், தினமும் எந்த மூன்று நான்கு மணி நேரம் பொதுவானது, அது எந்த ஊர்க் கடிகாரப்படி என்பதையும் எழுதுங்கள். ஒரு நாடு மட்டும் கோடையில் கடிகாரத்தை மாற்றினால், மீட்டிங் ஒரு மணி நேரம் நகர்ந்து ஸ்கூல் விடும் நேரத்தில் வந்து நிற்கும்.

சம்பளத்தைக் குறைப்போம்னு சொன்னா?

ஊருக்கேற்ற சம்பளப் பட்டியல் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் அந்தத் தொகை லேசில் அசையாது. பயணச் செலவு, இன்டர்நெட் செலவு என்று வேறு பக்கம் கேளுங்கள். இல்லையென்றால் நீங்களாகக் குறைத்துச் சொல்லவே சொல்லாதீர்கள். அடுத்தடுத்த இன்க்ரிமென்ட் எல்லாம் அந்தக் குறைந்த தொகையின் மேல்தான் ஏறும்.

மேனேஜர் வாயால ‘சரி’ன்னுட்டார். போதும்தானே?

போதாது. அவர் மாறிப்போனால் அந்தச் ‘சரி’யும் போய்விடும். ஒப்பந்தத் திருத்தக் கடிதம் வாங்குங்கள். பணியிடம் எது, வருடத்துக்கு எத்தனை முறை ஆபீஸ் வர வேண்டும், அந்தச் செலவு யாருடையது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ‘நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்’ என்ற வரி அநேகமாக இருக்கும். அதை எடுக்க ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பக்கத்திலேயே ‘மூன்று மாத அவகாசத்துடன்’ என்று சேர்க்கக் கேளுங்கள்.