டேட்டா சஃபிஷியன்சி கேள்விகளை எப்படி அணுகுவது?

வங்கித் தேர்வு, எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுகளான கேட் (CAT), ஜிமேட் (GMAT) என்று பலவற்றிலும் வரும் வகை இது. ஒரு கேள்வி, அதன் கீழே பெரும்பாலும் இரண்டு கூற்றுகள். விடை என்ன என்று யாரும் கேட்கவில்லை. விடை காண இந்தத் தகவல் போதுமா என்பதுதான் கேள்வி. சாம்பார் வைக்கப் பருப்பு, புளி எல்லாம் இருக்கிறதா என்று அலமாரியைப் பார்ப்பது போல. அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதில்லை.

ஓர் உதாரணம். அந்த எண் எது? கூற்று 1: அதன் வர்க்கம் 25. கூற்று 2: அது பூஜ்யத்தைவிடப் பெரியது.

முதல் கூற்றைப் பார்த்ததும் 5 என்று கை துடிக்கும். ஆனால் -5-இன் வர்க்கமும் 25தான். இரண்டு விடை வந்தால் போதாது என்றே அர்த்தம். அப்புறம் முதல் கூற்றை அடியோடு மறந்துவிட்டு இரண்டாவதை மட்டும் பாருங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். முதலில் படித்தது மனதில் ஒட்டிக்கொண்டு, இரண்டாவது தனியாகவே போதும் என்று தோன்றவைக்கும். பூஜ்யத்தைவிடப் பெரிய எண்கள் எத்தனையோ, அதனால் அதுவும் போதாது. சரி, இரண்டையும் சேர்த்தால்? 5 மட்டுமே மிஞ்சும். போதும்.

தனித்தனியாகப் பார்க்காமல் நேராகச் சேர்த்துப் பார்க்காதீர்கள். ஒரே கூற்று போதுமானதாக இருந்தால் அது தெரியாமல் போய்விடும்.

‘இல்லை’ என்று விடை வந்தால் தகவல் போதாது எனப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல: ‘எண் இரட்டைப்படையா?’ என்பதற்கு ‘அது 7’ என்ற கூற்றே போதும், உறுதியான ‘இல்லை’யும் விடைதான்.