கடலில் வழி தெரிய கடிகாரம் எதற்கு? ஜான் ஹாரிசன் என்ன செய்தார்?

தீர்க்கரேகை என்பது நாம் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்ற கணக்கு. வடக்கு தெற்கைத் துருவ நட்சத்திரத்தின் உயரமே சொல்லிவிடும். கிழக்கு மேற்குக்கு வானத்தில் அப்படி ஓர் அடையாளம் கிடையாது, நேரம்தான் கைகொடுக்க வேண்டும்.

பூமி 4 நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்கிறது. நாகப்பட்டினத்தில் சூரியன் உச்சிக்கு வந்து ஏறக்குறைய நாலரை நிமிடம் கழித்துத்தான் திருச்சியில் உச்சிக்கு வரும். ஆக, கப்பலில் புறப்பட்ட ஊரின் நேரம் காட்டும் கடிகாரம் இருந்தால், கப்பல் நிற்கும் இடத்தில் உச்சிவேளை அதைவிட எவ்வளவு முன்பின் என்று பார்த்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால் நம் பக்கத்தில் சுமார் 27 கிலோமீட்டர் தவறும். நாகப்பட்டினக் கரையில் இருப்பவர் திருவாரூரைத் தாண்டி நிற்பதாகக் கணக்கு வரும்!

ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் ஒத்துவராது. வெயிலும் குளிரும் உலோகத்தை நீட்டும், சுருக்கும். கடலில் தீர்க்கரேகையைக் கண்டறிய வழி சொல்பவருக்கு 1714-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்தது. 1693-இல் பிறந்த ஹாரிசன் ஒரு தச்சர். மூன்று பெரிய கடிகாரங்கள் செய்து பார்த்து, அப்புறம் 1759-இல் உள்ளங்கையை நிரப்பும் அளவில், 13 செ.மீ. அகலத்தில் நான்காவதை முடித்தார். ஜமைக்கா பயணத்தில் 81 நாளில் அது பிந்தியது வெறும் 5 விநாடி. ஆனாலும் பணத்துக்கு இழுத்தடித்தார்கள். கடைசித் தொகை கைக்கு வந்தபோது அவருக்கு 80 வயது.

சரி, திசைகாட்டி இருந்தாலே போதாதா என்று பலர் கேட்பார்கள். அது எந்தப் பக்கம் போகிறோம் என்று காட்டும், எங்கே இருக்கிறோம் என்று காட்டாது.