கவுன்டரா, கைபேசியா?

கேள்வி: நாலைந்து வருடமாக வார இறுதியில் பந்தயத் திடலுக்குப் போய் கவுன்டரில் பணம் கட்டும் பழக்கம் உண்டு. பெரிய தொகை கிடையாது. ஆறு மாதமாக எல்லாம் போனில்தான். ஆட்ஸ் நன்றாக இருக்கிறது, வரிசையில் நிற்க வேண்டாம், போனஸும் தருகிறார்கள். ஆனாலும் மாதக் கடைசியில் பார்த்தால் முன்பைவிட அதிகம் போயிருக்கிறது. ஆப்பில் தில்லுமுல்லு ஏதாவது இருக்குமா? பேசாமல் மறுபடி கவுன்டருக்கே போய்விடலாமா?

பி.கு.: போன வாரம் தூக்கம் வராமல் இரவு 2 மணிக்கு, யார் ஆடுகிறார்கள் என்றே தெரியாத ஒரு டேபிள் டென்னிஸ் ஆட்டத்தில் கட்டினேன். கணக்கில் போனஸ் 100 வேறு அப்படியே கிடக்கிறது. விட மனசு வரவில்லை.

*பெயர் வெளியிட விரும்பாத வாசகர்*

பதில்: கேள்வியை மேலே கேட்டுவிட்டு, பதிலைப் பின்குறிப்பில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அந்த டேபிள் டென்னிஸுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் கணக்கு.

இரண்டு பக்கமும் சமமான ஓர் ஆட்டம். நியாயமாகப் பார்த்தால் ஆட்ஸ், அதாவது ஜெயித்தால் கட்டியது எத்தனை மடங்காகத் திரும்பும் என்ற எண், 2.00 இருக்க வேண்டும். 100 கட்டி ஜெயித்தால் 200 கைக்கு வர வேண்டும். அப்படித் தொழில் நடத்தினால் யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே ஆன்லைனில் 1.91 என்று போடுவார்கள். நேரில் கட்டும் இடத்தில் அதே ஆட்டத்துக்கு 1.80 கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். கடை வாடகையும் ஆள் சம்பளமும் அதற்குள்ளிருந்துதான் வர வேண்டும். 1.91 என்றால், போகப்போக நீங்கள் கட்டும் ஒவ்வொரு 100-க்கும் 4.50 நடத்துபவருக்கு. 1.80 என்றால் 10. குதிரைப் பந்தய டோட்டில் இன்னும் மோசம். எல்லோர் பணத்தையும் ஒன்றாகக் கொட்டி, நடத்துபவர் தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கும் முறை அது. 1860-களில் பாரிசில் ஜோசப் ஒல்லர் தொடங்கி வைத்தார். அந்தப் பங்கு பல இடங்களில் 15 சதவீதத்தைத் தாண்டும்.

ஆக, ஆட்ஸ் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொல்வது உண்மைதான். அப்படியானால் பணம் எங்கே போகிறது?

திடலுக்குப் போன நாளில் நாலு பந்தயம் கட்டியிருப்பீர்களா? 400 கட்டினால், சராசரியாக 40 போகும். சோபாவில் சாய்ந்துகொண்டு போனில் ஒரே மாலையில் 40 பந்தயம் சாதாரணமாகக் கட்டலாம். 4,000-க்கு 4.5 சதவீதம், 180. நல்ல ஆட்ஸில் நாலரை மடங்கு நஷ்டம். இதற்குத் தில்லுமுல்லு எதுவும் தேவையே இல்லை.

கவுன்டரின் பெரிய உதவி அதன் தொந்தரவுதான். கிளம்பிப் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், நோட்டை எண்ணிக் கொடுக்க வேண்டும், சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அடுத்த ரேசுக்கு அரைமணி நேரம் சும்மா நிற்க வேண்டும். பர்ஸ் காலியானால் வீட்டுக்குத்தான். பிரிட்டனில் 1961-ல் பந்தயக் கடைகளைச் சட்டப்படி அனுமதித்தபோது வேண்டுமென்றே அவற்றை வறட்சியாக வைத்தார்கள். வெளியிலிருந்து உள்ளே பார்க்க முடியாது, உள்ளே டிவி கூடாது. வந்தாயா, கட்டினாயா, கிளம்பு என்கிற மாதிரி. 1986-ல்தான் டிவியும் சூடான பானமும் உள்ளே வந்தன. இன்றைய ஆப் அதற்கு நேர் எதிர். நீங்கள் போரடித்துக் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகவே செதுக்கியது.

லைவ் பந்தயத்தையே பாருங்கள். அடுத்த பந்து, அடுத்த பாயின்ட் என்று கட்டிக்கொண்டே போகலாம். பட்டனை அழுத்தியதும் சில நொடிகள் ஒரு வட்டம் சுற்றும், கவனித்திருப்பீர்கள். உங்கள் திரையில் தெரியும் ஆட்டம் மைதானத்தில் நடப்பதற்குச் சற்றுப் பின்னால் ஓடுகிறது. அந்தச் சில நொடியில் ஏதாவது நடந்தால் ஆட்ஸ் மாறிவிடும், உங்கள் பந்தயம் திரும்பிவிடும். ‘கேஷ் அவுட்’ பட்டனும் அப்படித்தான். பாதியில் கழன்றுகொள்ள வழி தருவதுபோல் இருக்கும், அதிலும் ஒரு கமிஷன் ஒளிந்திருக்கும். பணம் போட ஒரு நொடி, எடுக்கப் போனால் அடையாளச் சான்று, சரிபார்ப்பு, காத்திருப்பு. அந்தக் காத்திருப்பிலேயே மனசு மாறி மறுபடி கட்டியவர்கள் எத்தனையோ பேர்.

அதற்காகக் கவுன்டரைக் கோயிலாக்க வேண்டாம். நேரில் கட்டும் இடத்திலும் வேகமான சூதாட்ட மெஷின் வந்துவிட்டால் கதை அதேதான். பிரிட்டன் கடைகளில் ஒரு சுற்றுக்கு 100 பவுண்டு வரை கட்டலாம் என்றிருந்த மெஷின்களை, 2019 ஏப்ரலில் 2 பவுண்டுக்கு இறக்க வேண்டியிருந்தது. தவிர, கவுன்டரில் கணக்கு கிடையாது. இந்த நாலைந்து வருடத்தில் அங்கே எவ்வளவு விட்டீர்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா? ஜெயித்த நாள் மட்டும் ஞாபகம் இருக்கும். ஆப்பில் ஒவ்வொரு பைசாவும் பதிவாகியிருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனம் என்றால் பணம் போட வரம்பு வைக்கலாம், கணக்கை நீங்களே பூட்டச் சொல்லலாம். உரிமம் இல்லாத ஆப் என்றால், பணம் வராவிட்டால் போய்க் கேட்கக்கூட ஆள் இருக்காது. நீங்கள் இருக்கும் இடத்தில் ஆன்லைன் பந்தயமே சட்டவிரோதம் என்றால் இந்த ஒப்பீட்டுக்கே வேலையில்லை, இன்றே கணக்கை மூடுங்கள்.

இன்னொன்று. தொடர்ந்து ஜெயிப்பவரைப் பல நிறுவனங்கள் சத்தமில்லாமல் சுருக்கிவிடும். பெரிய தொகை கட்ட விடாது. உங்களுக்கு இதுவரை அப்படி நடக்கவில்லை என்றால், காரணத்தை நான் சொல்லவா வேண்டும்?

இப்போது அந்த இரவு 2 மணி. தெரியாத ஆட்டம், தெரியாத ஆட்கள். விளையாட்டு பிடித்துக் கட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. கை சும்மா இருக்க முடியாமல் கட்டியிருக்கிறீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-லேயே சூதாட்டப் பழக்கத்தை மது, போதைப் பொருள் சார்ந்த அடிமைத்தனங்களோடு ஒரே பிரிவில் சேர்த்துவிட்டது. உங்களுக்கு அது இருக்கிறது என்று ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விட்டதைப் பிடிக்க மறுபடி கட்டுவது, வீட்டில் தொகையைக் குறைத்துச் சொல்வது, கடன் வாங்குவது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் மனநல ஆலோசகரிடம் போங்கள். அந்த நிலையில் கவுன்டருக்கு மாறுவதும் உதவாது.

அப்படி எதுவும் இல்லையென்றால், ஆப்பில் ஆறு மாதப் பட்டியலை எடுத்து மூன்று எண்களை மட்டும் எழுதுங்கள்: மொத்தம் எத்தனை பந்தயம், மொத்தம் எவ்வளவு கட்டினீர்கள், இரவு 11 மணிக்கு மேல் கட்டியது எத்தனை. பழையபடி வாரம் ஒருமுறை, கையில் இருக்கும் நோட்டோடு மட்டும் என்றால் திடலுக்குப் போங்கள். போனில் ஆப் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இரட்டைச் செலவு.

போனஸா? நிபந்தனையைப் படியுங்கள். போனஸைக் கையில் எடுக்கும் முன் அதைப்போல் பத்து மடங்குக்குப் பந்தயம் கட்டச் சொன்னால் 1,000 கட்ட வேண்டும். தனி ஆட்டத்தில் 45 போய், காகிதத்தில் 55 மிஞ்சும். ஐந்தும் ஜெயித்தால்தான் பணம் என்று ஐந்து ஆட்டங்களை ஒரே சீட்டில் கோக்கச் சொல்லியிருந்தால் ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த 4.5 வெட்டு விழுந்து, 100-க்குச் சுமார் 79-தான் திரும்பும். 1,000-க்கு 200-க்கு மேல் காலி, 100 போனஸுக்காக. அந்த 55-க்காக இன்னும் பத்து இரவு விழிப்பதென்றால், கிடக்கட்டும் விடுங்கள்.