ஓரத்துக்குப் போகும் குதிரை

கேள்வி: கறுப்பில் ஆடித் தோற்ற என் சதுரங்க ஆட்டக் குறிப்பை அனுப்பியிருக்கிறேன். அவர் சிப்பாய் இ4, என் சிப்பாய் இ5 (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை); இருவரும் ஒரு குதிரையை இறக்கினோம். அவர் பிஷப்பை சி4-க்குக் கொண்டுவர, நான் அடுத்த குதிரையை எஃப்6-இல் வைத்தேன். அவர் குதிரை ஜி5-க்குத் தாவியது. டி5 தள்ளினேன், சிப்பாயால் வெட்டினார், எஃப்6 குதிரையால் திருப்பி வெட்டினேன். அது தப்பு, மற்ற குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோ என்கிறது இன்ஜின் (சதுரங்கம் ஆடும் கணினி நிரல்). குதிரையை ஓரத்தில் வைக்காதே என்றுதானே சொல்லித்தருகிறார்கள்?

பதில்: பலகையில் வைத்துப் பார்த்தேன். டி5 வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. எஃப்7-க்கு ராஜா ஒருவர்தான் காவல். குதிரையும் பிஷப்பும் சேர்ந்து குறிவைத்தால் பிஷப்பின் வழியை மறித்துத்தான் ஆகவேண்டும்.

சிக்கல் திருப்பி வெட்டியதில் இருக்கிறது. அவர் குதிரை எஃப்7-இல் பாய்ந்து உங்கள் ராணி, யானை இரண்டையும் தாக்கியது, ராஜாவால் வெட்டினீர்கள். உடனே அவர் ராணி எஃப்3-இல் செக் வைத்து, டி5 குதிரைக்கும் குறிவைத்தது. உங்கள் ராஜா ஜி8-க்குப் போயிருந்தால் பிஷப் டி5-ஐ வெட்டி செக். சில நகர்வுகளில் மேட். ஆக, இ6-க்கு நடந்தது சரி. சி3-க்கு வந்த குதிரை மூன்றாவது ஆளாக டி5-ஐத் தாக்கியது. அடுத்து அவர் டி4 தள்ளி நடுப்பலகையைத் திறந்தார், நடுவில் உங்கள் ராஜா! இன்ஜின் இதையும் தாக்குப்பிடிக்கும். நாம் எங்கே?

இப்போது ஏ5. நடுப்பலகையில் எட்டு கட்டங்களுக்குப் போகும் குதிரைக்கு அங்கே நாலுதான், வாஸ்தவம். ஆனால் அது அங்கே தங்கப் போகவில்லை, சி4 பிஷப்பை விரட்டப் போகிறது. பிஷப் பி5-இல் செக் வைக்கும், நீங்கள் சி6, அவர் வெட்ட, பி சிப்பாயால் நீங்கள் வெட்ட, பிஷப் மறுபடி ஓடவேண்டும். இ2-க்குப் போனால் ஹெச்6 தள்ளுங்கள், குதிரை எஃப்3-க்குத் திரும்பும். அப்புறம் இ4, மறுபடி விரட்டல். ஒரு சிப்பாய் குறைவுதான். பதிலுக்கு அவர் காய்கள் பின்வாங்கிக்கொண்டே இருக்கும், உங்களுடையவை வெளியே வந்துவிடும். எனக்கு இந்த வியாபாரம் பிடிக்கும்.

சிப்பாயை விட மனமில்லையா? மூன்றாவது நகர்வில் பிஷப்பை சி5-இல் வையுங்கள். ஜி5-ஐ உங்கள் ராணியே பார்த்துக்கொண்டிருக்கும். குதிரை தாவினால் வெட்டிவிடலாம். எஃப்6 குதிரை மறைத்தது அந்த வழியைத்தான்.

குறிப்பில் நேரம் எழுதவில்லையே! அடுத்த ஆட்டத்தில் நகர்வுக்கு நகர்வு கடிகாரத்தையும் குறித்து அனுப்புங்கள். அந்தக் குதிரையால் பத்து விநாடிக்குள் வெட்டியிருப்பீர்கள் என்று எனக்கொரு சந்தேகம்.