பாட்டும் டோலக்கும் ஒரே நேரத்தில்

கேள்வி: அண்ணா, நான் கானா பாடுவேன், என் நண்பன் டோலக் வாசிப்பான். வீட்டிலேயே பதிவு செய்ய, மைக் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கலாம் என்று மூன்று மாதமாக அலைகிறேன். ஒருவர் 192 கிலோஹெர்ட்ஸ் இருந்தால்தான் தரம் என்கிறார், இன்னொருவர் மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பிரீஆம்ப்தான் எல்லாம் என்கிறார். தலை சுற்றுகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, உங்கள் முதல் வரியிலேயே விடை இருக்கிறது. நீங்கள் பாடுவீர்கள், அவர் வாசிப்பார். இரண்டு பேர், ஒரே நேரத்தில். இதை உங்களிடம் யாருமே கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

வியாசர்பாடியில் என் அறைக்கு நான் வாங்கிய முதல் பெட்டியின் அட்டையில் ‘2 இன்புட்’ என்று போட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் மைக் ஒன்றுக்குத்தான் இடம். மற்றது கிட்டார் செருகுவதற்கு. வேறு வழியில்லாமல் டோலக்கை முதலில் தனியாகப் பதிவு செய்து, அதன் மேல் பாட வைத்தேன். கானாவில் பாடுகிறவர் ஒரு வரியை இழுத்து நிறுத்தினால் டோலக்காரர் அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார். முன்பே பதிவான டோலக் யாருக்காகக் காத்திருக்கும்? அன்றைக்கு எல்லாமே சுத்தமாகப் பதிவாகியிருந்தது, ஆனால் பாட்டில் உயிர் இல்லை.

அதனால் பெட்டியின் முகப்பைப் பாருங்கள். மூன்று துளை உள்ள எக்ஸ்எல்ஆர் மைக் சாக்கெட் இரண்டு இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி கெயின், அதாவது மைக் சிக்னலைக் கூட்டிக் குறைக்கும் திருகு வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசையில் சோலோவுக்கு மைக் இன்புட் ஒன்று, 2ஐ2-வுக்கு இரண்டு. பெரிங்கர் யுஎம்சி202எச்டி-யிலும் இரண்டு. மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக் என்றால், கேபிள் வழியாகவே அதைத் தரும் 48 வோல்ட் பேன்டம் பவர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

192-ஐ மறந்துவிடுங்கள். அது ஒலியை நொடிக்கு 1,92,000 முறை அளந்து சாம்பிள் எடுப்பது. நம் காது 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. அதைப் பிடிக்க நொடிக்கு 44,100 அல்லது 48,000 சாம்பிள் போதும். ஒவ்வொரு சாம்பிளையும் நுணுக்கமாக அளக்கும் 24 பிட்டை மட்டும் விடாதீர்கள். கெயினைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துப் பதிவு செய்தாலும் இரைச்சல் தெரியாது. நீங்கள் திடீரென்று உச்சத்தில் எடுத்தாலும் குரல் உடையாது.

அப்புறம், ஹெட்போனில் உங்கள் குரல் உங்களுக்கே தாமதமாகக் கேட்கும் தொல்லை. கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் சாம்பிள் எண்ணிக்கைதான் பஃபர். 48,000-இல் அதை 512 என்று வைத்தால் உள்ளே போகவே கிட்டத்தட்ட 11 மில்லிநொடி, திரும்பி வர இன்னொரு 11. தாளம் பிசகிவிடும். டைரக்ட் மானிட்டர் வசதி இருந்தால் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமல் நேராகவே ஹெட்போனுக்கு வரும். விண்டோஸ் லேப்டாப் என்றால், தாமதத்தைக் குறைக்க இன்டர்ஃபேஸ் கம்பெனியே தரும் ஏசியோ டிரைவர் என்ற மென்பொருள் உங்கள் விண்டோஸில் ஓடுகிறதா என்று கேளுங்கள்.

ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, வேறு எங்கே போனாலும் சரி, உங்கள் லேப்டாப், மைக், ஹெட்போன் மூன்றையும் எடுத்துப் போங்கள். பணம் கொடுக்கும் முன் இரண்டு நிமிடம் பாடிப் பதிவு செய்து கேளுங்கள். ‘உம்’ என்று ஓசை வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஓசை நின்றுவிட்டால் சிக்கல் சார்ஜரிலோ எர்த்திலோ இருக்கிறது. பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில். விலை கூடிய இன்டர்ஃபேஸ் வாங்கினால் ரயில் சத்தம் பதிவாகாமல் இருக்குமா?
வாசகி, ராயபுரம்

பதில்: பதிவாகத்தான் செய்யும் அம்மா. மைக் கேட்பதைத்தான் பெட்டி எழுதும். கண்டென்சரை விட்டுவிட்டு, ஷூர் எஸ்எம்58 மாதிரி ஒரு டைனமிக் மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்துப் பாடுங்கள். ரயில் நன்றாகவே அடங்கும். அந்த வகை மைக்குக்குக் கெயின் நிறைய வேண்டும். அங்கேதான் நல்ல பிரீஆம்ப் கைகொடுக்கும்.

எங்களுக்கும் ஜீவா ஸ்டேஷன் பக்கம்தான். ஹாரன் கேட்டதும் நான் கையைத் தூக்குவேன், எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். டோலக்காரர் மட்டும் ரயில் போய் முடியும்வரை தொடையில் விரலால் தாளத்தை விடாமல் பிடித்திருப்பார்.